வடிகட்டிய பிரேக் ஆயில்

நான் கல்யாணமாகி ஆரணிக்கு வந்தபோது அந்த வீட்டில் எனக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். பக்கத்துச் சந்தில், நான்கு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றிப் போட்ட நிலையில் நின்றாள். ராணுவத்தில் கழித்துக்கட்டிய ஜீப். ஏலம் எடுத்த யாரிடமோ என் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. பச்சைப் பெயின்டுக்கு மேல் பச்சைப் பெயின்டாக எத்தனை பூச்சு பூசியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. நான் அதை மூத்தாள் என்றுதான் சொல்வேன். அவருக்குக் கோபமே வராது. எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்புவது அதுதான்.

எங்களுக்குக் கடைத்தெருவில் புளி மண்டி. மாசி, பங்குனி வந்தால் ஜவ்வாது மலையில் புளி உலுக்குவார்கள். படவேட்டுக்கு மேலே இருந்த மலையூர்களுக்கு அந்தக் காலத்தில் பஸ் கிடையாது, லாரி ஏறாது. மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண் பாதை ஒன்றுதான் உண்டு. அதில் ஏறி இறங்க எங்கள் ஜீப்பை விட்டால் வேறு வண்டி இல்லை. புளி மூட்டைகளின் மேல் மலை ஜனங்களும் ஏறிக்கொள்வார்கள். தேன் பானையை மட்டும் ஏற்ற மாட்டோம். நாங்கள் ஜைனர்கள், தேன் தொடுகிற வழக்கம் இல்லை.

வண்டிக்கு எது வந்தாலும் வைத்தியம் வீட்டிலேயேதான். பட்டறையில் விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை உடைசலை மாட்டிவிடுவார்கள் என்று என் கணவருக்கு ஒரு சந்தேகம். அவர் மெக்கானிக் இல்லை. புளி வியாபாரி. கையில் நான்கு ஸ்பேனரும் அட்டை கிழிந்த ஒரு புத்தகமும் இருந்தால் எதையும் பிரித்துப் போடலாம் என்று நம்புகிறவர். என் சமையலறையிலிருந்து ஆப்பசோடா பேட்டரி முனைக்குப் போகும். என் தாம்பாளம் நட்டு போல்ட்டு பரப்பி வைக்கப் போகும். திரும்பி வரும்போது மண்ணெண்ணெய் வாடை. நான் கத்துவேன். "தேச்சா போயிடும்" என்பார். தேய்ப்பது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

வாடகைக்கு ஓடுகிற வண்டி என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று காகிதத்தில்தான் இருக்கும். ஊரில் எல்லாருக்கும் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். போன தடவை அவர் திடீரென்று நிறுத்தச் சொன்னபோது எங்கள் ஜீப் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், சோதனை நடக்கும் மைதானத்து வேலியில் மூக்கை வைத்தது. சரிபண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த முறையும் தவறினால் அந்தப் புளிப் பருவம் முழுக்க வண்டி சந்திலேயே நிற்கும். மலையில் உலுக்கிய புளி அங்கேயே கிடந்து பிசுபிசுத்துப் போகும். அதனால் என் கணவர் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் முழுவதையும் பிரித்தார்.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியார் இல்லாத வீடு. மனுஷர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவார். அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. குழாய் வாயில் துணி கட்டியிருப்பார். குடத்துத் தண்ணீரை இரண்டு மடிப்பு வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதை உதறாமல் மெல்ல அலசிக் கிணற்றோரம் விடுவார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர் எத்தனையோ இருக்கும், அது நம் வயிற்றில் சாகக்கூடாது என்பது அவர் கணக்கு. எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான், ஆனால் அவர் அளவுக்குப் பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஊரில் பேரம் பேசி எல்லாரையும் மடக்குகிற என் கணவர், அப்பா முன்னால் நின்றால் வாய் பேசாத பிள்ளையாகிவிடுவார்.

பிரேக்கைப் பிரித்த அன்று பெடலை மிதித்தவள் நான்தான். பழைய எண்ணெயை இறக்க வேண்டும். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "மிதி" என்பார், மிதிப்பேன். "வுடு" என்பார், விடுவேன். ரப்பர் குழாய் வழியாக எண்ணெய் ஒரு கிண்ணத்தில் இறங்கியது. கடுங்காப்பி நிறத்தில் ஒரே கசடு. புது எண்ணெய் ஆரணியில் கிடைக்கவில்லை, வேலூரிலிருந்து வந்துசேர நாளாகும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளோ நெருங்கிவிட்டது. இதையே மறுபடி ஊற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்தார். அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல் கண்டது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் படுத்தேன். சக்கரங்களை மாட்டியதும் எண்ணெய் ஊற்றியதும் நான் பார்க்காமலே நடந்தன.

எஃப்.சி. அன்று காலையில் முதல் சோதனை எங்கள் தெருவே வைத்தது. எதிர் வீட்டு நெசவாளர்கள் விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக நீட்டியிருந்தார்கள். பாவு நீட்டிய தெருவில் வண்டி எடுக்க முடியாது. புகை பட்டாலும் போச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தாலும் போச்சு. இன்ஸ்பெக்டர் காத்திருக்க மாட்டார் என்று என் கணவர் வாசலுக்கும் சந்துக்கும் நடந்துகொண்டிருந்தார். கடைசியில் நெசவாளர்களே வந்து இன்ஜினைக் கிளப்பாமல் கையாலேயே ஜீப்பைத் தள்ளினார்கள். பாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம். பாவின் பக்கம் நின்று வண்டி சாயாமல் பார்த்துக்கொண்டவர் வழி முழுக்க மூச்சுவிட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம். தெருமுனை தாண்டியதும்தான் எல்லாரும் பேசினார்கள்.

காய்ச்சல் விட்டிருந்ததால் நானும் மைதானத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார், ஹாரனை அடிக்கச் சொன்னார், குனிந்து ஸ்பிரிங் பட்டைகளைத் தட்டினார். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வேகமாகப் போய்ச் சொன்னதும் நிறுத்து என்றார். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவர் கை தூக்கினார். நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து, வண்டி சொன்ன இடத்தில் நின்றது. தரையில் சக்கரம் தேய்த்த கோடுகள் நேராக இருந்தன. இன்ஸ்பெக்டர் இறங்கி அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் கணவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை எங்கள் கல்யாணத்திலும் நான் பார்க்கவில்லை. மலையில் மூட்டை கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், நேரே போய் ஏற்றிக்கொண்டு பொழுதோடு வந்துவிடுகிறேன் என்று அங்கிருந்தே கிளம்பிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து கைகால் கழுவப் புழக்கடைக்குப் போனேன். கொடியில் மாமனாரின் வடிகட்டும் துணி காய்ந்துகொண்டிருந்தது. பழுப்பாகக் கறை பிடித்திருந்தது. முகர்ந்தால் பிரேக் ஆயில் வாடை. தண்ணீருக்கென்று தனியாக வைத்திருக்கும் துணியை இவர் எடுத்துத் துடைத்துவிட்டாரே என்று என் கணவர்மேல்தான் எரிச்சல் வந்தது. மாமனாரிடம் கேட்டேன்.

"அவன் இல்லம்மா, நான்தான். எண்ணெயில ஒரே கசடு. காஞ்ச துணின்னா எண்ணெயெல்லாம் குடிச்சிடும்னு நனைச்சு வடிகட்டினேன். அடைச்சிக்க அடைச்சிக்க மறுபடி நனைச்சேன்."

"நல்லா புழிஞ்சீங்களா மாமா?"

"ரொம்பப் புழிஞ்சா துணி இழை வுட்டுடும்மா" என்றார்.

நான் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவள். எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் காலால் மிதிக்கிற விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது என்று எங்கள் ஜீப்பையே உதாரணம் காட்டி ஒன்பதாம் வகுப்புக்குச் சொன்னவள். தண்ணீர் கலந்தாலும் சமதரையில் பிரேக் பிடிக்கும். காலையில் பிடித்ததே. மலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வர வேண்டும், பிரேக் காய்ந்த தோசைக்கல்லாகச் சுடும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவி அழுத்தினால் சுருங்கிவிடும். காலை வைத்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. மாமனார் பேசி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி, அவர் பதறி, அவரைச் சமாதானப்படுத்தி... அதற்கெல்லாம் பொழுது இல்லை. கடைக்குப் போய்வருகிறேன் மாமா என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். ஏறுவதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும், மூட்டை எடை போட்டு ஏற்ற எவ்வளவு நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். இறங்கத் தொடங்கும் முன் அடிவாரத்துக்கு நான் போய்ச் சேர்ந்துவிட்டால், மேலே போகிற யாரையாவது குறுக்குப் பாதையில் அனுப்பி நிறுத்திவிடலாம்.

சந்தவாசல் வழியாகப் போகிற பஸ் கிளம்பத் தயாராகத்தான் இருந்தது, கிளம்பவில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் கண்டக்டரிடம் சண்டை போட்டேன். "இன்னாம்மா, சும்மா பேஜார் பண்ற" என்றார். அவர் சட்டையைப் பிடித்திருப்பேன், டிரைவர் வந்துவிட்டார். வழியில் கை காட்டியவர்களுக்கெல்லாம் பஸ் நின்றது. ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு ஏறுவதா வேண்டாமா என்று யோசிக்கும் வரை நின்றது. எல்லார்மேலும் கோபம் வந்தது. எண்ணெய் கிடைக்காத ஊர்மேல், கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்டர்மேல், பொறுமையே உருவான என் மாமனார்மேல். கோபத்தை விட்டால் அழுகை வந்துவிடும் என்று அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

சந்தவாசலில் இறங்கினால் படவேட்டு பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது சாயங்காலம்தான். எரு ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் அந்தப் பக்கம் திரும்பியது. குறுக்கே போய் நின்றேன். டீச்சர் மாதிரி இருக்கிற ஒரு பெண்பிள்ளை எரு வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறாளே என்று ஓட்டியவர் திகைத்துப்போனார். விஷயத்தைச் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மட்கார்டு மேல் உட்கார வைத்துக்கொண்டு அந்த டிராக்டர் போகக்கூடிய வேகத்துக்கு மேலேயே ஓட்டினார். படவேட்டைத் தாண்டி, மலைப்பாதை ஆற்றில் இறங்கும் இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

கமண்டல நதியில் தண்ணீர் இல்லை, கோடைக்கு முன்பே மணலாகக் கிடந்தது. மலைப்பாதை கடைசி வளைவு திரும்பி, செங்குத்தாக இறங்கி, ஆற்றைக் குறுக்கே கடந்து நான் நின்ற கரைக்கு ஏறும். ஆற்றின் நடுவே பாதையில் ஒரு கட்டை வண்டி, மூட்டைகளோடு, மாடுகள் இழுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது. மேலே போக ஆள் யாராவது இருக்கிறார்களா என்று நான் அந்த வண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சத்தம் கேட்டுவிட்டது. முதல் கியரில் கதறிக்கொண்டு வருகிற சத்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். அடுத்து ஹாரன். விட்டு விட்டு அடிக்கவில்லை, கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தார்.

கடைசி வளைவில் ஜீப் தெரிந்தது. மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த ஜனங்கள் கத்துவது தெரிந்தது. முதல் கியரில் வருகிற வண்டி இவ்வளவு வேகமாக வராது. பாரம் பின்னாலிருந்து தள்ளியது. கீழே பாதை முழுக்கக் கட்டை வண்டி. வண்டிக்காரர் நுகத்தடியைப் பிடித்து இழுத்தார், மாடுகள் நகரவில்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை, கையை நீட்டிக்கொண்டு ஆற்றுக்குள் ஓடினேன் என்று டிராக்டர்காரர் பிறகு சொன்னார். பாதை ஆற்றைத் தொடும் இடத்தில் என் கணவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் பாதையை விட்டு மணலில் குதித்து, கொஞ்ச தூரம் உழுதுகொண்டு போய், முன்சக்கரம் புதைந்து நின்றது. மூட்டைகள் சரிந்தன. ஒரு பெண் கீழே விழுந்து முழங்கை பெயர்ந்தது. மற்ற ஐந்து பேருக்கும் சிராய்ப்புதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "பெடல் இல்ல" என்றார். "பாதி மலையில ஒரு தரம் போச்சு. நிறுத்தவே முடியல. ஃபர்ஸ்ட் கியர்லயே வந்தேன்."

துணி விஷயத்தைச் சொன்னேன். நான் எப்படி அங்கே வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். சொல்ல வேண்டாம் என்றார். பயத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விழுந்த பெண்ணுக்குக் கட்டுப் போட அவளையும் மற்றவர்களையும் டிராக்டரிலேயே படவேட்டுக்கு அனுப்பினோம். ஜீப்பில் ஏற அவர்கள் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. கிளம்பும் முன் டிராக்டர்காரர் கயிறு கட்டி ஜீப்பை மணலிலிருந்து இழுத்துவிட்டார். பிரேக் ஆறியதும் பெடல் எதுவுமே நடக்காத மாதிரி மேலே வந்து நின்றது. காலையில் இன்ஸ்பெக்டர் நம்பிக் கையெழுத்துப் போட்டதும் இதே பெடலைத்தான். மூட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு, காலி வண்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு ஆரணி வந்தோம். வழியில் அவர் பேசவில்லை. என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. உங்கள் அப்பா செய்த காரியம் என்றே ஆரம்பித்து, வழி முழுக்க என் மாமனாரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

வீடு வந்தபோது பொழுது சாயவில்லை, சாய்ந்துகொண்டிருந்தது. மாமனார் சாப்பிடாமல் வாசலில் நின்றார். கடைக்குப் போனவள் இவனோடு வருகிறாளே என்று பார்த்துவிட்டு, "பிரேக் நல்லா புடிச்சுதாப்பா?" என்று கேட்டார்.

"புடிச்சுதுப்பா" என்றார் என் கணவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத் துணி என்ன செய்யும், ஆவி என்ன செய்யும், ஆற்றில் என்ன நடந்தது, முழங்கை பெயர்ந்த பெண் எப்படி அழுதாள். நீங்கள்தான் மாமா என்று மட்டும் வாயால் சொல்லவில்லை, சொன்னதெல்லாம் அதுதான். அவர் என்னைத் தடுக்கவில்லை. நான் முடித்த பிறகு குழம்பிப்போய் மகனைப் பார்த்தார்.

"ஈரம் ஆவாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. இவன்தானே பக்கத்துல புனலைப் புடிச்சுகினு நின்னான்?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அவ்ளோ பொறுமையா வடிச்சுகினு இருந்தீங்க. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலப்பா. எஃப்.சி. முடிஞ்சதும் புதுசு மாத்திக்கலாம்னு இருந்தேன். புளி காத்துகினு இருக்குதேன்னு போயிட்டேன்."

அப்போதுதான் என் மாமனார் குரல் உயர்ந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"கண்ணுக்குத் தெரியாத உசுரு சாவக்கூடாதுன்னு வடிகட்டுறவன்டா நான். ஏழு பேர என் கையாலயே கொல்ல வச்சிருப்பியே. அது எனக்குத் தெரியாமலேகூடப் போயிருக்கும்."

உள்ளே போய் அவர் பாயில் படுத்துவிட்டார். சாப்பிடவில்லை. பொழுதும் போய்விட்டது. என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். வழி முழுக்க ஒரு குற்றமும் அறியாத மனுஷரை நான் திட்டியபோது ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தாரே, அதை நினைத்தால் அவரைத் தேற்ற எனக்குக் கை வரவில்லை. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"அப்பா மனசு நோகக் கூடாதுன்னு பாத்தீங்க. சரிங்க. என் ஞாபகம் எங்கயாவது வந்துதா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யோசித்துத்தான் சொன்னார்.

"பெடல் போனப்புறம் வந்துது."

பொய் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குச் சொன்னாரே, அப்படி ஒரு பொய் எனக்கும் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.